வைஃபை குச்சியும் ஒரு சேவலும்

அன்று எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், என் மனைவி, கீழ்விளையில் குடியிருக்கும் என் அண்ணனும் மதினியும், பகுதி ஜெபக்கூட்டத்தை நடத்தும் உபதேசியார், ரிட்டயரான கண்டக்டரும் அவர் மனைவியும், பிறகு மேலவிளை அக்கா. மொத்தம் எட்டுப் பேர். கம்ப்யூட்டர் திரைக்குள் இரண்டு பேர். ஒருவன் மஸ்கட்டில் வெல்டிங் வேலை செய்யும் என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சான். இன்னொருத்தி கண்டக்டரின் மகள், இங்கிலாந்தில் நர்ஸ். மேசைக் காலில் கட்டிப்போட்ட சேவல் ஒன்றும் இருந்தது. பேர்களை எழுதவில்லை. எங்கள் ஊர் சின்ன ஊர். பேர் எழுதினால் நாளைக்கு அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியவன் நான்தான்.

மற்ற வீட்டுக்காரர்கள் பொருளை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டு வராமல் இருந்துவிட்டார்கள். வானம் இருண்டு கிடந்தது.

எங்கள் சபையில் வீடுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை பகுதிக்காரர்கள் ஒரு வீட்டில் கூடி, அவரவர் விளையில், அதாவது தோட்டத்தில், விளைந்ததை, வீட்டில் வளர்ந்ததைக் கொண்டுவந்து ஏலம் விடுவோம். நாமே கொடுத்து நாமே வாங்குவதுதான். நூறு ரூபாய்ச் சக்கை, பலாப்பழம்தான், ஆயிரத்துக்குப் போகும்; அந்தக் காசு யாருடைய கஷ்டத்துக்காவது போகும். இந்த வருஷம் மேலவிளை அக்காவின் கூரைக்கு.

அக்கா அண்டியாபீசில் முந்திரி உடைக்கப் போகிறவர். வீட்டுக்காரர் இறந்து வெகுநாளாகிறது. கோடைக்காற்றில் பலாக்கொம்பு முறிந்து விழுந்து, வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை முன்னறையிலும் அடுக்களையிலும் உடைந்துபோயிற்று. நீலப் படுதாவைக் கட்டிக்கொண்டு அதன்கீழே இருந்தார். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை இறங்குவதற்குள் கூரைக்குத் தகடு ஏறவேண்டும். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது.

“வெளிநாட்டுக்காரங்க இல்லாம ஏலம் விட்டா சேவலுக்கு முந்நூறு ரூவாதான் வரும், மக்கா,” என்றார் உபதேசியார். “போன வருசம் போன்ல காட்டுனோம். அவனுவளுக்கு சக்கையும் தெரியல, சேவலும் தெரியல, என் மூக்குதான் தெரிஞ்சுதாம். ஒன் வீட்டுல கம்ப்யூட்டர் உண்டும்லா?”

உண்டு என்று சொல்லிவிட்டேன். முடியாது என்று யாரிடமும் சொல்லத் தெரியாதவன் நான். சரி என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன்.

கம்ப்யூட்டர் மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கியது. எங்கள் ஊர் எல்லைக்கு இந்தப் பக்கம் கேரளத்தில்; இங்கே பள்ளிக்கூடத்தில் லினக்ஸ்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் அவளுடைய வாத்தியார் வீட்டு மெஷினிலும் அதையே போட்டுக்கொடுத்தார். மகள் இப்போது மங்களூரில் நர்சிங் படிக்கிறாள். நானும் மனைவியும் ஏத்தங்காய் என்கிற நேந்திரங்காயில் சிப்ஸ் வறுத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். பாக்கெட்டில் ஒட்டும் லேபிளை அடிக்க மட்டும்தான் அந்த மெஷினைத் திறப்பேன். அதில் இன்டர்நெட் கிடையாது. மோடம் அண்ணன் வீட்டில். பாதிக் காசு நாங்கள் கொடுப்போம். போனில் எங்கள் வீடு வரைக்கும் வைஃபை வரும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பஞ்சாயத்து வழி போகிறது. ஒயர் இழுக்க போஸ்ட் நட வேண்டும் என்று கேபிள்காரர் சொல்லிவிட்டார்.

ஆக, கம்ப்யூட்டரில் செருகுகிற வைஃபை குச்சி ஒன்று வாங்கக் களியக்காவிளைக்குப் போனேன். “எல்லா மெஷின்லயும் வேல செய்யும் அண்ணாச்சி, சும்மா குத்துனா போதும்,” என்றான் கடைக்காரன். வீட்டுக்கு வந்து குத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிடுங்கி வேறு ஓட்டையில் குத்தினேன். குச்சியில் விளக்குகூட எரியவில்லை. பெட்டிக்குள் ஒரு சின்ன சிடி இருந்தது. அதைப் போட என் மெஷினில் இடமே இல்லை. கேபிள்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“விண்டோஸ் ஆணோ சேட்டா?”

“லினக்ஸ்.”

“அய்யோ, எங்கில் என்னெ விட்டேக்கு,” என்று, ஆளை விடுங்கள் என்பதை மலையாளத்தில் சொல்லிச் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு மகள்தான். அவளுக்கு வார்டில் ஓய்வு கிடைக்கும்போது கூப்பிடுவாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுவாள், நான் அடிப்பேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷ் எழுத்து தெரியும். ஆனால் அவள் சொன்ன வரிகள் இங்கிலீஷும் இல்லை. நடுவில் கோடு, சாய்ந்த கோடு, புள்ளி. ஒரு இடைவெளி விட்டுப்போனால் மெஷின் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முதல் வரியை அடித்ததும் பாஸ்வேர்டு கேட்டது. அடித்தேன். திரையில் ஒன்றுமே விழவில்லை.

“மக்கா, கீபோர்டு செத்துப்போச்சு.”

“சாகலப்பா. பாஸ்வேர்டு அடிச்சா அது காட்டாது. நீங்க அடிங்க.”

“கண்ணுக்குக் காட்டாதத நம்பி எப்படி அடிக்க?”

அடுக்களையிலிருந்து என் மனைவி சொன்னாள்: “நல்ல கேள்வி. ஞாயிற்றுக்கிழம உபதேசியாருக்கிட்டயும் இதையே கேளுங்க.”

அடித்தேன். திறந்தது. அந்தக் குச்சிக்குள் இருக்கும் சில்லை ஓட்டுகிற டிரைவர் என்ற ப்ரோக்ராம் இந்த லினக்ஸில் இல்லை என்று தெரிந்தது. அதை இன்டர்நெட்டிலிருந்து இறக்கி இந்த மெஷினிலேயே கட்டி எடுக்க வேண்டுமாம். இன்டர்நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவர் வர இன்டர்நெட் வேண்டும். ரேஷன் கார்டில் திருத்தம் செய்யப் போனபோது இப்படித்தான் ஆதாரைத் திருத்திக்கொண்டு வா என்றார்கள். அங்கே போனால் ரேஷன் கார்டைத் திருத்திக்கொண்டு வா என்றார்கள். எனக்குப் பழகிய வழிதான், ஆனாலும் கால் வலித்தது.

போனை ஒயரில் மாட்டி நெட்டைக் கொடுக்கலாம் என்றாள் மகள். என் போனில் சார்ஜர் ஓட்டை லூஸ். ஒயரை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் பிடிக்கும். ரப்பர் பேண்டை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி, மேசையில் யாரும் முட்டாதபடிக் காவல் இருந்து இறக்கினேன். அதை நம்பி ஏலம் நடத்த முடியாது, ஒரு டிரைவரை இறக்கலாம். இறக்கியது வேறு மாடல் குச்சிக்கானது. பெட்டியில் ஒரு நம்பர், உள்ளே இருக்கும் சில்லுக்கு வேறு நம்பர். மறுபடி ரப்பர் பேண்ட்.

டிரைவரைக் கட்டும்போது திரையில் வரிவரியாக ஓடும். எனக்கு அதில் ‘எரர்’ என்ற ஒரு சொல்தான் படிக்கத் தெரியும். அது மட்டும் வந்துவிடக்கூடாது என்று கண் இமைக்காமல் பார்த்திருப்பேன். அது வரும். மகளுக்கு போட்டோ எடுத்து அனுப்புவேன். அவள் டூட்டி முடிந்து பார்ப்பாள். இதற்கிடையில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும், ஏத்தங்காய் கறுத்துக்கொண்டிருக்கும், மனைவி ஒற்றை ஆளாக வறுத்துக்கொண்டிருப்பாள். மேலவிளை அக்கா அண்டியாபீசிலிருந்து திரும்பும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்.

“என்னடே, பிடிச்சா?”

“இல்லக்கா.”

“சாரமில்ல. கடவுள் வச்ச நேரத்துல பிடிக்கும்.” அப்படிச் சொல்லிவிட்டு வானத்தைப் பார்ப்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு மத்தியானம் குச்சியில் நீல விளக்கு மினுங்கியது. திரையின் ஓரத்தில் அண்ணன் வீட்டு வைஃபையின் பேர் வந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இனி இது எப்போது போகும் என்றுதான் தோன்றியது. பல்லி ஏறக்கூடாது, தூசி விழக்கூடாது, யார் கையும் படக்கூடாது என்று ஒரு கைத்துண்டை மடித்துக் குச்சியின் மேல் போட்டு மூடினேன்.

நான் பயந்தபடியே போகவும் செய்தது. ஏலத்தன்று காலையில் மெஷின் ‘அப்டேட் செய்யவா’ என்று கேட்டது. வேண்டாம் என்றால் ஏதாவது ஆகிவிடுமோ என்று செய்யச் சொல்லிவிட்டேன். மறுபடி திறந்தபோது நீல விளக்கு இல்லை. லினக்ஸ் புதுசாகிவிட்டதால் டிரைவரையும் புதுசாகக் கட்ட வேண்டும் என்றாள் மகள். “யாருப்பா உங்கள அப்டேட் பண்ணச் சொன்னது?” என்று போனில் கத்தினாள். பிறகு அவளே வருத்தப்பட்டு, ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்தாள். கட்டி முடித்து நான் சட்டை மாற்றுவதற்குள் உபதேசியார் வாசலுக்கு வந்துவிட்டார்.

ஜெபத்துக்காக எல்லோரும் போனைச் சத்தமில்லாமல் ஆக்கினோம். கண்டக்டர் மகளோடு பேச வாங்கிய கேமராவைக் கொண்டுவந்திருந்தார். அதைப் பொருத்தியதும் இரண்டு பக்கமும் படம் தெரிந்தது. ஆனால் பேசினால் இரைச்சலும் எதிரொலியும். உபதேசியார் காதைப் பொத்திக்கொண்டு சட்டம் போட்டார்: திரைக்குள் இருப்பவர்கள் பேச வேண்டாம், மைக்கை அடைத்துவிட்டு, வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். எங்கள் ஏலத்தில் அது பழைய வழக்கம்தான். விடமாட்டேன் என்று நிற்கிறவர் கையைத் தூக்கி அப்படியே வைத்திருப்பார். கை தாழும்வரை அவர் ஏறிக்கொண்டே இருக்கிறார் என்று அர்த்தம்.

வாழைக்குலை போயிற்று. சக்கை போயிற்று. கண்டக்டரின் மகள் ஒரு குப்பி தேனை நல்ல விலைக்கு எடுத்துத் தகப்பனாருக்கே கொடுக்கச் சைகை காட்டிவிட்டு, டூட்டிக்கு நேரமாயிற்று என்று கையசைத்துப் போனாள். திரையில் மச்சான் மட்டும் மிஞ்சினான். உபதேசியார் சேவலை அவிழ்த்துத் தூக்கிக் காட்டினார்.

முந்நூறில் தொடங்கியது. அண்ணன் ஐந்நூறோடு விலகிக்கொண்டான். கண்டக்டரும் மச்சானும் ஏறினார்கள். ஆயிரம் கடந்ததும் ஒவ்வொரு ஏற்றமும் இருநூறு என்றார் உபதேசியார். மச்சான் கையைத் தூக்கினான். இரண்டாயிரம். கண்டக்டர் இரண்டாயிரத்து இருநூறு. மச்சானின் கை தாழவில்லை.

“மஸ்கட் நிக்குது, கேட்டியளா,” என்றார் உபதேசியார். “ரெண்டாயிரத்து நானூறு!”

“நிக்கட்டு. முப்பது வருசம் ஓடுற பஸ்ஸுல சில்லற எண்ணுனவனாக்கும் நான்,” என்றார் கண்டக்டர். “ரெண்டாயிரத்து அறுநூறு.”

கை தாழவில்லை. நாலாயிரம் தாண்டியது. அண்ணன் விசிலடித்தான். மேலவிளை அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் மச்சானின் முகத்தைப் பார்த்தேன். அவன் எப்போதுமே அசையாமல் உம்மென்று இருக்கிறவன். கல்யாண வீடியோவிலும் அப்படித்தான் இருப்பான். அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

“எலே, இவனுக்குக் கை வலிக்காதாடே?” என்றார் கண்டக்டர். “எட்டாயிரத்து அறுநூறு!”

“வெல்டிங்காரன் கையில்லா,” என்றார் உபதேசியார். “ஒம்பதாயிரத்துக்கு இருநூறு கொறவு, மஸ்கட்!”

பதினோராயிரத்து நானூறு என்று கண்டக்டர் சொன்னபோது அவர் மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். “இரியும். சேவலாக்கும் அது, பசுமாடு இல்ல.” மச்சானின் கை அப்போதும் மேலேயே இருந்தது. பதினோராயிரத்து அறுநூறு ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். எல்லோரும் கைதட்டினோம். உபதேசியார் கூட்டிப் பார்த்துக் கூரை முழுக்கத் தகடு போடக் காசு ஆயிற்று என்றார். அக்கா எழுந்து திரையைப் பார்த்துக் கும்பிட்டார். மச்சான் கையைத் தூக்கியபடியே இருந்தான்.

ஏலம் முடிந்தும் ஏன் இன்னும் கை தாழவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. கைத்துண்டுக்குள் கையை விட்டேன். குச்சி அடுப்பில் கிடந்த காசுபோலச் சுட்டது. நீல விளக்கு இல்லை. மூடிவைத்ததால் சூடேறித்தான் நின்றிருக்கும் என்று மகள் பின்னால் சொன்னாள்.

அதற்குள் உபதேசியார் நன்றி ஜெபம் தொடங்கிவிட்டார். மனைவியை அடுக்களைக்கு இழுத்துப் போய், அவளுடைய போனைப் பார்க்கச் சொன்னேன். மஸ்கட்டிலிருந்து வரிசையாக அழைப்புகள் வந்து கிடந்தன. கூப்பிட்டு என் கையில் தந்தாள்.

“அத்தான், படமும் சத்தமும் நின்னுபோச்சு. அப்பமே கூப்பிடுதேன், ஒருத்தரும் எடுக்கல. சேவல் யாருக்குப் போச்சு?”

“நீ கையத் தூக்குனியே?”

“ரெண்டாயிரத்துக்குத் தூக்கினேன். அதுக்கு மேல என்னால முடியாது அத்தான். அக்காட்ட சொல்லாண்டாம்னு இருந்தேன். சம்பளம் வந்து மூணு மாசமாச்சு.”

என் மனைவி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு, “வெளிய சொல்லாதிய,” என்றாள். “இல்லாதவன்னு ஊர்ல பறஞ்சு நடக்கும்.” முன்னறையில் ஆமென் சொன்னார்கள். நாங்களும் அங்கிருந்தே ஆமென் சொன்னோம்.

மறுநாள் தாங்கமுடியாமல் உபதேசியாரிடம் மட்டும் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். “மூணு தரம் சொன்னா அது காணிக்க. தூக்குனது மனுசன் கையோ படத்துல உள்ள கையோ, சொன்னது நான்லா. எலே, அக்கா வீட்டு அளவுக்குத் தகடு வெட்டக் கடையில சொல்லியாச்சு. பதினோராயிரத்து நானூறுக்குச் சேவல எடுக்காரான்னு கண்டக்டர்ட்ட கேட்டுப் பாப்போம்.”

இரண்டு பேருமாகப் போனோம். கண்டக்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, இருமல் வரும்வரை சிரித்தார். சிரிப்பு நின்றதும் முகம் மாறியது.

“அப்போ நான் ஒரு போட்டோவுக்கு எதிராவா ஏலம் கேட்டேன்?”

“அண்ணா, ஒருத்தருக்கும் தெரியாது.”

“தெரியவும் கூடாது. போட்டோட்ட தோத்தவன்னு பாறசாலை ஸ்டாண்டு வரைக்கும் பறையுவானுவ. நான் தோத்தது தோத்ததாவே இருக்கட்டு. சேவலும் வேண்டாம், கீவலும் வேண்டாம். இத வெளிய விட்டிய, நான் இனி ஜெபத்துக்கு வரமாட்டேன்.”

வழியில் உபதேசியார் என் விளை திரும்பும் இடத்தில் நின்று, “ஒன் மச்சான் பேர்லயே இருக்கட்டு. கொஞ்சங்கொஞ்சமா குடு மக்கா,” என்றார். சரி என்றேன். அதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

மச்சான் தன்னால் முடிந்தது என்று இரண்டாயிரம் அனுப்பினான், யாரிடம் கடன் வாங்கியோ. சிப்ஸ் கடைக்காரர்களிடம் முன்பணமாக மூவாயிரம் வாங்கிக் கொடுத்தேன். பிறகு இரண்டு தடவையாக ஆயிரம் ஆயிரம். தகடு கடைக்காரர் நல்ல மனுஷன்தான். ஆனால் வந்த காசுக்குத்தான் பொருள் தருவார். முன்னறைக்குத் தகடு ஏறிவிட்டது. அடுக்களைக்கு வெட்டிய தகடு மிச்சக் காசு வரட்டும் என்று கடையிலேயே சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

மழை பிடித்துவிட்டது. அக்கா இப்போதும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார். சேவல் எங்கள் வீட்டுப் புறத்தில்தான் நிற்கிறது. அவ்வளவு விலைக்கு ஏலம் போனதை அறுக்க எங்கள் வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை.

“ஒன் மச்சான் கை தூக்குனா நல்லா தூக்குவான்டே,” என்றார் அக்கா போன வாரம், குடையை மடக்கிக்கொண்டே. “பைக்குள்ள போடத்தான் அவனுக்குக் கை வளையல. பெரிய எடத்துக்காரனுவளுக்கு அடுக்களையில வெள்ளம் ஒழுகுனா தெரியுமா?”

“தருவான்க்கா. ஏதோ பேங்குல பிரச்னையாம்.”

“பேங்கு. ஆமா. எனக்கு அடுப்பு பத்தலடே மூணு நாளா.”

எனக்குச் சொல்ல வாய் வந்தது. மனைவி உள்ளேயிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு ஒரு பாத்திரத்தில் கஞ்சியும் பயறும் கொடுத்தனுப்பினாள். அக்கா வாங்கிக்கொண்டு, மச்சானை இன்னும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தைகள் எனக்கு வரவேண்டியவை. அவன் மஸ்கட்டில் இருந்து வாங்கிக்கொள்கிறான்.

ஓணத்துக்கு சிப்ஸ் ஆர்டர் நன்றாக வந்தால் தீர்த்துவிடலாம் என்று மனைவி சொல்கிறாள். ஏத்தங்காய் விலை ஏறுகிறது, எண்ணெய் விலை அதைவிட ஏறுகிறது. கூட்டிக் கழித்துப் பார்க்கும்போதே எனக்குத் தலை சுற்றுகிறது. மேலவிளையில் நீலப் படுதாவின் மேல் மழை விழும் சத்தம் எங்கள் வீட்டுக்கு நன்றாகக் கேட்கிறது. தகடு கடையில் இன்னும் கொடுக்கவேண்டியது நாலாயிரத்து அறுநூறு ரூபாய்.